விமானம் கட்டும் அலுமினியத் தகடு: கோளாறு தெரிவது ஓரிடம், பிறந்தது வேறிடம்

போன மாதம் ஒரு நண்பர் இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். டெக்சாஸில் வீட்டுக் கார் ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் கிட் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார், வால் பகுதி பாதி முடிந்திருக்கிறது. "அண்ணே, டிம்பிள் போட்டதும் டிக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. பார்த்தா ஒண்ணும் தெரியல. விட்டுடலாமா?" என்றார். டிம்பிள் என்றால், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் தலை உட்காரத் துளையைச் சுற்றி அழுத்தும் குழி. விடாதீங்க, லென்ஸ் வச்சுப் பாருங்க என்றேன். பத்து மடங்கு லென்ஸில் பார்த்ததும் துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கோடு கிளம்பியிருப்பது தெரிந்தது. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். அதில் குழியை அழுத்தும் அச்சான டிம்பிள் டையைப் பற்றிப் பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது, மீதி நேரமெல்லாம் துளையை எந்த டிரில் பிட்டால் போட்டார், பிசிறை எப்படி எடுத்தார் என்பதில்தான் போனது.

அலுமினிய வேலை முழுக்க இப்படித்தான். கோளாறு கண்ணில் படும் இடத்துக்கு ஒரு படியோ இரண்டு படியோ முன்னால்தான் அது பிறந்திருக்கும். அதனால் கீழே ஒவ்வொன்றையும் கண்ணில் படுவதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகிறேன். உங்கள் கிட்டின் கையேடோ வரைபடமோ வேறு எண் சொன்னால் அதுதான் கணக்கு. இங்கே இருப்பவை பொதுவான அளவுகள்.

தகட்டில் எழுத்து இல்லை, என்ன ரகம் என்று தெரியவில்லை

வீட்டில் கட்டும் விமானங்களில் பெரும்பாலும் புழங்குபவை இரண்டே ரகம். ஒன்று 2024-டி3, செம்பு சுமார் 4.4 சதவீதம் கலந்தது, இழுவிசை வலிமை ஏறக்குறைய 480 மெகாபாஸ்கல். இன்னொன்று 6061-டி6, மக்னீசியமும் சிலிக்கானும் கலந்தது, வலிமை 310 பக்கம். வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி விமானங்களின் தோல், அதாவது வெளித்தகடு, முக்கியமாக முதல் ரகம், ஜெனித்தின் சிஎச் வரிசை இரண்டாவது ரகம். இதில் ஒன்று உயர்ந்தது மற்றது மட்டம் என்று நினைக்கவே வேண்டாம். 6061-க்காகக் கணக்குப் போட்ட விமானத்தில் அதற்கேற்ற தடிமன் கொடுத்திருப்பார்கள், அது அரிப்பையும் நன்றாகத் தாங்கும், விலையும் குறைவு. தவறு எங்கே வருகிறது என்றால், ஒன்றுக்குக் கணக்குப் போட்ட இடத்தில் மற்றதைப் போடும்போதுதான்.

ஆலையிலிருந்து வரும் தகட்டில் ரகம், டெம்பர் (டி3, டி6 என்று சொல்லும் விறைப்பு நிலை), தடிமன், கியூகியூ-ஏ-250/5 மாதிரியான தர எண் எல்லாம் வரிவரியாக அச்சடித்திருக்கும். வெட்டும்போது அந்த எழுத்து இல்லாத துண்டு தனியாக விழும், இரண்டு மாதம் கழித்து அது எது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. வெட்டியதும் ஒவ்வொரு துண்டிலும் மார்க்கர் பேனாவால் ரகத்தை எழுதிவிடுங்கள். பென்சில் வேண்டாம், அதில் இருக்கும் கிராஃபைட் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும்.

எழுதாமல் விட்டுவிட்டால் ஒரு சோதனை இருக்கிறது. துண்டின் ஓரத்தை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பத்து சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு சொட்டு வைத்துச் சில நிமிடம் பொறுங்கள். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. 2024 என்றால் செம்பு இருப்பதால் கருத்துவிடும், 6061 வெளுப்பாகவே இருக்கும். மேலே சுத்த அலுமினியம் போர்த்திய ஆல்கிளாட் தகடாக இருந்தால் முகத்தில் சொட்டு வைத்தால் கருக்காது, ஏமாந்துவிடுவீர்கள். ஓரத்தில் வைத்தால் நடுவே கரிய கோடும் இரு பக்கமும் வெள்ளிக் கோடும் தெரியும். முதல் தடவை அதைப் பார்க்கும்போது தகட்டையே குறுக்கே அறுத்து உள்ளே பார்த்த மாதிரி இருக்கும்.

ஆனால் இந்தச் சோதனை டெம்பரைச் சொல்லாது. விறைப்பேற்றாத மெத்தென்ற 2024-உம் இதே மாதிரிதான் கருக்கும். அதனால் அடையாளம் தெரியாத துண்டைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், இறக்கையின் முக்கிய உத்திரமான ஸ்பாருக்கோ விலா எலும்புக்கோ கொண்டுபோகாதீர்கள்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலுமினியக் கடையில் 63400, எச்இ-9 என்று சொல்வது 6063, கதவு ஜன்னல் செக்‌ஷனுக்கானது. 65032, எச்இ-20 என்பது 6061. வெளிப்பார்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. "ஏர்கிராஃப்ட் கிரேடு சார்" என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, டெம்பர் எழுதிய டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேளுங்கள், அதில் இருக்கும் எண்ணும் தகட்டில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மடித்த இடத்தின் வெளிப்பக்கம் வெடித்திருக்கிறது

முதலில் மடிப்பின் உள் வளைவு ஆரம் என்ன என்று பாருங்கள். 2024-டி3 தகட்டைக் கூர்மையாக மடிக்கவே முடியாது. 0.032 அங்குலத் தகடு என்றால் (0.8 மில்லிமீட்டர்) அதன் நாலு மடங்கு, அதாவது எட்டில் ஒரு அங்குல ஆரம் வைத்துக்கொண்டால் நிம்மதி. தகடு மடிக்கும் இயந்திரமான பிரேக்கில் இருக்கும் கத்திமுனையை அப்படியே வைத்து மடித்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் வெடிக்கிறது. 6061-டி6 இன்னும் கொஞ்சம் இறுக்கமான மடிப்பையும் தாங்கும்.

ஆரம் சரியாக இருந்தும் வெடித்தால் விரிசல் எங்கிருந்து தொடங்குகிறது என்று கவனியுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கி உள்ளே போயிருந்தால் குற்றவாளி ஓரம்தான், மடிப்பு இல்லை. கத்தரியால் வெட்டிய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் இருக்கும். மடிக்கும்போது இழுவை முழுவதும் அந்தப் பல்லின் அடியில் போய்க் குவியும். மடிப்புக்கு முன்னால் ஓரத்தை அரத்தால் சீவி, எமரித் தாளால் நீளவாக்கில் தேய்த்து, நகத்தை ஓட்டினால் எங்கும் தடங்காமல் போகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். குறுக்குவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கோடும் விரிசலுக்கு நாமே போட்டுக்கொடுத்த பாதை.

விரிசல் நடுவில், நேர்கோடாக, மடிப்புக் கோட்டின் மீதே இருந்தால் குறிமுள்ளால் கோடு கீறி மடித்திருப்பீர்கள். இரும்பு வேலையில் பழகியவர்களுக்குக் கை தானாகக் குறிமுள்ளுக்குப் போகும். அலுமினியத்தில் குறிமுள் வெட்டுக்கோட்டுக்கு மட்டும், மடிப்புக்கோட்டுக்கு மார்க்கர்தான்.

அப்புறம் தகட்டின் இழைவாக்கு. ஆலையில் உருட்டிய திசையில் இழை ஓடும், அச்சடித்த எழுத்தும் வழக்கமாக அதே திசையில்தான் ஓடும். மடிப்புக்கோடு இழைக்குக் குறுக்காக விழுந்தால் நல்லது, இழையோடு விழுந்தால் சீக்கிரம் வெடிக்கும்.

வெடித்த பாகத்தை என்ன செய்வது? வேறு வழியில்லை, புதிதாகச் செய்யுங்கள். தயவுசெய்து கேஸ் டார்ச்சில் சூடு காட்டி மடிக்காதீர்கள். இந்தத் தகட்டின் பலமே சூட்டு வைத்தியத்தில் வந்தது. ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸில் காய்ச்சி, சட்டென்று நீரில் குளிரவைத்து, குளிர்நிலையிலேயே லேசாக உருட்டியோ இழுத்தோ, அப்புறம் தானாக விறைப்பேற விடுவது 2024-டி3. 530 பக்கம் காய்ச்சிக் குளிரவைத்து, அப்புறம் 160, 175 டிகிரியில் மணிக்கணக்கில் வேகவைப்பது 6061-டி6. செம்பு கலந்த அலுமினியம் இப்படிச் சும்மா கிடந்தே விறைப்பேறும் என்பதை 1900களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் கண்டறிந்தார், விமான உலகம் அதன் மீதுதான் நிற்கிறது. டார்ச் அடித்த அரை நிமிடத்தில் அந்த வேலையெல்லாம் கரைந்துவிடும். வெளியே பார்த்தால் எந்த அடையாளமும் இருக்காது என்பதுதான் பயம். இதே காரணத்தால் 2024-டி3 பாகங்களைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்காதீர்கள், அந்த அடுப்பு 200 டிகிரிக்குப் போகும்.

டிம்பிள் போட்ட துளையில் விரிசல்

நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மெல்லிய தோலில் ரிவெட் தலை மேற்பரப்போடு சமமாக உட்கார, துளையைச் சுற்றிக் குழி அழுத்துகிறோம். அப்போது துளையின் விளிம்பு விரிகிறது. விளிம்பில் ஒரு பிசிறோ வெட்டோ இருந்தால் அங்கேதான் கிழியும். தோசைக்கல்லில் மாவை விரிக்கும்போது ஓரம் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கேதான் பிய்கிறது அல்லவா, அதே கதை.

பின்னோக்கிப் போங்கள். முதலில் பிசிறு எடுத்தீர்களா, இரண்டு பக்கமுமா? பலர் டிரில் போட்ட பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள், பிசிறு அதிகம் வருவதே பின்பக்கம்தான். எடுக்கும்போது கருவியை இரண்டு மூன்று சுற்று, அழுத்தாமல். விரல் நுனியில் தடவினால் மழமழவென்று இருந்தால் போதும், பளபளவென்று சரிவு தெரிந்தால் அதிகமாக எடுத்துவிட்டீர்கள், துளையின் ஓரம் மெலிந்துபோயிற்று.

பிசிறு சரி என்றால் துளையைப் பாருங்கள். லென்ஸில் துளை வட்டமாக இல்லாமல் லேசாக முக்கோணமாகத் தெரிந்தால் பிட் மழுங்கியிருக்கிறது அல்லது டிரில் முழு வேகம் எடுக்கும் முன் அழுத்தியிருக்கிறீர்கள். நான் ஒரு பிட்டை இத்தனை துளை என்று எண்ணுவதில்லை. சுருள் சுருளாக வந்த சீவல் தூளாக வரத் தொடங்கியதும் பிட்டைக் குப்பையில் போட்டுவிடுவேன். 3/32 அங்குல ரிவெட்டுக்கு 40ஆம் எண் பிட், எட்டில் ஒரு அங்குல ரிவெட்டுக்கு 30ஆம் எண். முடிந்தால் ஒரு அளவு சிறிய பிட்டால் (எண் கூடினால் பிட் சிறியது) போட்டுக் கடைசியில் துளையைச் சீவிச் சரியாக்கும் ரீமரால் அளவுக்குக் கொண்டுவாருங்கள், துளைச் சுவர் கண்ணாடி மாதிரி வரும்.

கிட்டில் துளை போட்டே வந்தது, நான் எதுவும் செய்யவில்லை என்கிறீர்களா? அந்தத் துளை எப்படிப் போட்டது என்று கேளுங்கள். பஞ்ச் கருவியால் அடித்ததாக இருந்தால் அளவுக்கு டிரில் பண்ணிப் பிசிறு எடுத்தால் சரியாகிவிடும். லேசரில் வெட்டியதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். லேசர் தொடங்கி முடிக்கும் புள்ளியில் விளிம்பில் சின்ன வெட்டு விழுந்துவிடும். 2023ல் அமெரிக்காவில் இப்படி லேசரில் வெட்டிய பாகங்களில் டிம்பிள் போடும்போது விரிசல் விழுந்தது பெரிய பிரச்சினையாகி, கட்டிக்கொண்டிருந்த பலர் பாகங்களை மாற்ற வேண்டி வந்தது.

இன்னும் வலுவான ரகமான 7075-டி6 தகட்டில் குளிர்நிலையில் டிம்பிள் போட்டால் வெடிக்கத்தான் செய்யும், அதற்கு டையைச் சூடாக்கிப் போடும் கருவி வேண்டும். துளை ஓரத்துக்கு மிக அருகில் இருந்தாலும் வெடிக்கும். துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், டிம்பிள் என்றால் இரண்டரை இருந்தால் நல்லது.

வெடித்ததை எப்படிச் சரிசெய்வது? ஓரத்தில் இடம் இருந்தால் விரிசல் முழுவதும் மறையும்வரை துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவு ரிவெட் போடலாம், வடிவமைத்தவர்களிடம் கேட்டுவிட்டு. இடமில்லை என்றால் பாகத்தை மாற்றுங்கள். ஒரே வரிசையில் மூன்று துளையில் விரிசல் என்றால் நான்காவதைச் சரிபார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அலுமினியத்துக்கு இரும்பு மாதிரி "இதற்குக் கீழே எத்தனை தடவை ஆட்டினாலும் உடையாது" என்று ஓர் எல்லை கிடையாது, சின்ன விரிசலும் பறக்கப் பறக்க வளரும்.

டிம்பிளுக்குப் பதில் கவுண்டர்சிங்க் போட்டேன், துளை பெரிதாகிவிட்டது

கவுண்டர்சிங்க் என்பது குழியை அழுத்தாமல் தகட்டைச் சீவியே எடுப்பது. அது தகட்டின் அடிப்பக்கம் வரை இறங்கிவிட்டது, விளிம்பு கத்தி மாதிரி மெலிந்துவிட்டது என்று அர்த்தம். 3/32 ரிவெட் என்றால் தகடு குறைந்தது 0.032 அங்குலம், எட்டில் ஒரு அங்குலம் என்றால் 0.040 இருந்தால்தான் சீவலாம். அதற்கு மெலிந்தது எல்லாம் டிம்பிள்தான்.

இந்தக் கத்தி விளிம்பு என்ன செய்யும் என்பதற்கு ஹவாயில் 1988 ஏப்ரல் 28ல் நடந்தது சாட்சி. ஹிலோவிலிருந்து ஹொனலூலு போன அலோஹா ஏர்லைன்ஸ் 243, போயிங் 737-200, நடுவானில் முன்பக்கக் கூரையில் சுமார் 18 அடி பிய்ந்து போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தோல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இணைப்பில் பசை விட்டுப்போய், சுமை முழுவதும் ரிவெட்டுகள் மேல் விழுந்திருக்கிறது. மேல்தோலில் கவுண்டர்சிங்க் தகட்டின் முழு ஆழத்துக்கும் இறங்கியிருந்ததால் ஒவ்வொரு துளையின் விளிம்பும் கத்தி முனையாக இருந்தது, 89,000-க்கும் மேற்பட்ட பறப்புகளில் விரிசல்கள் அங்கிருந்து கிளம்பி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. நம் விமானத்தில் அந்த அழுத்தம் இல்லை, அத்தனை பறப்பும் இல்லை, சரி. ஆனால் விளிம்பு அதே விளிம்புதான்.

ரிவெட் சாய்ந்துவிட்டது, பிளந்துவிட்டது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடித்து முடித்த பின்தலை, ரிவெட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம், பாதி மடங்கு உயரம் இருக்க வேண்டும். சாய்ந்தால் ரிவெட்டின் பின்னால் தாங்கும் இரும்புக் கட்டியான பக்கிங் பாரைச் சரித்துப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது ரிவெட் நீளம் அதிகம். தகடுகளுக்கு நடுவே ரிவெட் பிதுங்கியிருந்தால் தகடுகள் ஒட்டாமல் இருந்திருக்கின்றன, நடுவில் பிசிறோ சீவலோ கிடந்திருக்கும். தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் கிளீகோவை இன்னும் நெருக்கமாகப் போடுங்கள். தலையின் நடுவில் சின்னக் குழி இருந்தால் அது ஏடி வகை, விமானத்துக்கானது. எந்தக் குறியுமே இல்லை என்றால் அது மெத்தென்ற சுத்த அலுமினிய ரிவெட், சுமை தாங்கும் இடத்தில் போடக் கூடாது. ரிவெட்டை எடுக்கும்போது தலையின் ஆழம் வரை மட்டும் டிரில் பண்ணி, தலையைச் சுண்டி உடைத்து, பின்னால் தாங்கு கொடுத்துத் தட்டி எடுங்கள். முழுவதும் டிரில் பண்ணினால் துளை நீள்வட்டமாகிவிடும்.

தகட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது

தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கவைத்திருந்தீர்களா, நடுவில் காகிதம் இருந்ததா? நடுவில் இருந்த காகிதம் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கடலோர ஊர்களில், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் ஈரக்காற்றில், ஒரே மழைக்காலம் போதும். தகட்டை நிற்கவைத்து, காற்றோட்டமாக, தரையிலிருந்து தள்ளி வையுங்கள்.

இன்னொரு காரணம் நீல பிளாஸ்டிக் ஃபிலிம். கீறல் விழாமல் இருக்கட்டும் என்று வருடக்கணக்கில் உரிக்காமல் வைத்தால் அதன் அடியில் ஈரம் புகுந்து பூக்கும், பசையும் இறுகி வர மறுக்கும். துளை வரிசைகளை ஒட்டி மட்டும் ஃபிலிமை எடுக்க நினைப்பவர்கள் கத்தியால் கோடு போட வேண்டாம், தகடு கீறிவிடும். முனையை உருட்டையாகத் தேய்த்த சால்டரிங் அயர்னை லேசாக ஓட்டினால் ஃபிலிம் உருகிப் பிரியும், தகட்டுக்கு ஒன்றும் ஆகாது.

பூத்ததை நைலான் ஸ்காட்ச்-பிரைட்டால் மெதுவாகத் தேயுங்கள். இரும்புக் கம்பி நூலும் கம்பி பிரஷும் கிட்டேயே வரக் கூடாது, இரும்புத் துகள் பதிந்து அதுவே புது அரிப்பைத் தொடங்கிவைக்கும். ஆல்கிளாட் என்றால் இன்னும் மெதுவாக. 1927ல் அறிமுகமான இந்தப் போர்வை, மெல்லிய தகட்டில் ஒரு பக்கத்துக்குத் தடிமனில் ஐந்து சதவீதம். 0.032 தகட்டில் அது 0.04 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. உள்ளே இருக்கும் 2024-ஐ அரிப்பிலிருந்து காப்பதே அதுதான், பளபளப்புக்காகத் தேய்த்துத் தேய்த்து அதை எடுத்துவிடாதீர்கள். தேய்த்த பின்னும் கரும்புள்ளிக் குழிகள் தெரிந்தால் அரிப்பு போர்வையைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது, அந்தத் தகட்டைத் தோலாகப் போட வேண்டாம்.

கீறலுக்கும் இதே அளவுகோல்தான். நகம் தடங்காத கீறலை அப்படியே விடலாம். நகம் மாட்டினால் 400, 600 எண் தாளால் கீறலின் நீளவாக்கில் தேய்த்து ஆழத்தைச் சரிவாக்குங்கள். மடிப்பின் மேல் விழுந்த கீறலில் மட்டும் தாராளம் காட்ட வேண்டாம்.

பிரைமர் உரிகிறது, அல்லது அலோடைன் நிறம் திட்டுத்திட்டாக வருகிறது

பிரைமர் டப்பாவைக் குறை சொல்லும் முன் ஒரு துண்டுத் தகட்டை உங்கள் வழக்கம்போலச் சுத்தம் செய்து, செங்குத்தாகப் பிடித்து, சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தாமரை இலையில் நிற்பது மாதிரி தண்ணீர் முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. ஒரே படலமாக, எங்கும் உடையாமல் அரை நிமிடம் நின்றால் சுத்தம். இந்தச் சோதனையில் தோற்ற தகட்டில் எந்த பிரைமரும் பிடிக்காது. ஃபிலிமின் பசை, கைரேகை, கம்ப்ரசர் காற்றில் வரும் எண்ணெய், பழைய துணி, இந்த நாலில் ஒன்றுதான் பெரும்பாலும். முக்கியமாகத் துணி. ஒரே துணியை அமுக்கி அமுக்கித் துடைத்தால் எண்ணெயை இடம் மாற்றுகிறோமே தவிர எடுப்பதில்லை. ஒரு துணியில் கரைப்பானைத் தொட்டுத் துடைத்து, அது உலரும் முன் இன்னொரு காய்ந்த துணியால் எடுங்கள்.

அப்புறம் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் ஸ்காட்ச்-பிரைட்டை நனைத்துத் தேய்த்து, நன்றாகக் கழுவி, உலரவிடாமல், அரிப்பைத் தடுக்கும் ரசாயனப் பூச்சான அலோடைனுக்குப் போங்கள். வழக்கமாக 2 முதல் 5 நிமிடம். இளம்பொன் நிறம் வரும். நிறமே வரவில்லை என்றால் சுத்தம் போதவில்லை, அல்லது கரைசல் குளிர்ந்தோ பழசாகியோ இருக்கிறது. விரலால் தேய்த்தால் பழுப்புப் பொடியாக உதிர்ந்தால் அதிக நேரம் விட்டுவிட்டீர்கள், அல்லது கழுவும் முன்பே காய்ந்துவிட்டது. எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள், பொடியின் மேல் அடிக்கும் பிரைமர் பொடியோடு உரிந்து வரும். குரோமேட் அலோடைன் புற்றுநோய் உண்டாக்கும் வகைக் குரோமியம். கையுறை, கண்ணாடி கட்டாயம், கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள், துடைத்த துணியைக் காயவிடாதீர்கள், காய்ந்தால் தீப்பிடிக்கக்கூடியது. குரோமேட் இல்லாத மாற்றும் கிடைக்கிறது, அதில் நிறம் சரியாகத் தெரியாமல் போகலாம், அதனால் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் நேரத்தை வைத்துச் செய்யுங்கள்.

கழுவி உலர்த்தியதும் வெறும் கையால் தொடாமல் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். காய்ந்த பின் தேவையற்ற துண்டில் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்போடு கட்டங்கள் வந்தால் அந்த வாரம் அடித்த எல்லாப் பாகங்களையும் மறுபடி பார்க்க வேண்டும், வராவிட்டால் ரிவெட் அடிக்கத் தொடங்கலாம்.